கிறிஸ்துவின் பலி எந்தப் பயத்தை நீக்குகிறது?

‘விசுவாசி பயப்படமாட்டான்’ என்று ஜெபக் கூட்டங்களில் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். மறுநாள் பயாப்ஸி ரிப்போர்ட் வாங்கப் போகிறவரும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நோயைப் பற்றிய பயத்தோடு வந்தவர், ‘எனக்கு விசுவாசமே இல்லையோ’ என்ற இன்னொரு பயத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீடு திரும்புவார்.

இதே வரிசையில் வேறு சில பேச்சுகளும் உண்டு. வேதாகமத்தில் ‘பயப்படாதே’ என்பது நாளுக்கு ஒன்றாகச் சரியாக 365 தடவை வருகிறது என்பார்கள். ஒத்தவாக்கிய அகராதியை எடுத்து எண்ணினால் அந்தக் கணக்கு வராது. இருட்டில் போகும்போது ‘இயேசுவின் இரத்தம் ஜெயம்’ என்று மூன்று முறை சொன்னால் போதும் என்பார்கள். கிறிஸ்துவின் பலிக்கும் நம் பயத்துக்கும் சம்பந்தம் இருப்பது உண்மை. ஆனால் அந்தச் சம்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்பதை யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. பலி குறிப்பிட்ட ஒரு பயத்தின் வேரை எடுக்கிறது. மற்றப் பயங்களை அது வேறு விதமாகக் கையாளுகிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிழிக்கப்பட்ட புரோநோட்டு

ஒருவர் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டு மூன்று லட்சம் கடன் வாங்கியிருக்கிறார். திருப்பிக் கட்ட வழியில்லை. வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டாலே உள்ளறைக்குப் போய்விடுகிறார். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. இந்தப் பயத்தின் வேர் பைக் சத்தத்தில் இல்லை, அந்தக் காகிதத்தில் இருக்கிறது. காகிதம் இருக்கும்வரை ‘தைரியமாக இரு’ என்று எத்தனை பேர் சொன்னாலும் வருவது வெறும் வீம்புதான்.

ஒரு நாள் கடன் கொடுத்தவரே வந்து நோட்டைக் கிழித்துப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று லட்சம் மாயமாக மறைந்துவிடவில்லை. மன்னித்தவர் அந்த நஷ்டத்தைத் தானே ஏற்றிருக்கிறார். நஷ்டம் யார் தலையிலும் விழாமல் எந்தக் கடனும் மன்னிக்கப்படுவதில்லை. கடன் வாங்கியவர் அந்தச் செய்தியை நம்பாவிட்டால் தொடர்ந்து ஒளிந்துகொண்டுதான் இருப்பார். நம்பினால் வாசலுக்கு வருவார். அப்படி நம்பி வந்த பிறகும் சில மாதங்களுக்குப் பைக் சத்தத்தில் நெஞ்சு படபடக்கும். உடம்பின் பழக்கம் விட நாளாகும். அந்தப் படபடப்பைக் காட்டி, கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று யாரும் வாதாட முடியாது.

இந்தப் படம் அப்போஸ்தலர் பவுலிடமும் இருக்கிறது. நமக்கு எதிராக இருந்த கையெழுத்தைக் குலைத்துச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று கொலோசெயர் 2:14 சொல்கிறது. ஆனாலும் பாவம் என்பது வெறும் பாக்கித் தொகை இல்லை. அது உறவை முறிக்கிறது, கறையாக ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் கணக்குப் புத்தகத்தோடு நிற்காமல் பலிபீடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

பலி என்றால் என்ன?

வேதாகமத்தில் பலி என்பது, தேவனோடு முறிந்த உறவைச் சரிசெய்யவோ அந்த உறவைக் கொண்டாடவோ அவருக்கு ஒப்புக்கொடுக்கப்படும் காணிக்கை. லேவியராகமம் முதல் ஏழு அதிகாரங்களில் ஐந்து வகை சொல்லப்படுகிறது: சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி. எல்லாமே பாவத்துக்காக இல்லை. போஜனபலியில் மாவும் எண்ணெயும்தான். சமாதானபலியில் இறைச்சியின் ஒரு பகுதியைக் கொண்டுவந்தவரே குடும்பத்தோடு உண்பார்.

நமக்கு இங்கே வேண்டியது பாவநிவாரணம். பாவத்தால் வந்த கறையையும் பிரிவையும் நீக்கி, மனிதரை மறுபடி தேவனுடைய சந்நிதியில் நிற்க வைப்பது என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். அதன் உச்சம் ஆண்டுக்கு ஒரு முறை, ஏழாம் மாதம் பத்தாம் தேதி. லேவியராகமம் 16 அந்த நாளின் வேலைகளை வரிசையாகச் சொல்கிறது.

பிரதான ஆசாரியர் குளித்து, மணிகள் தொங்கும் தன் அலங்கார அங்கியைத் தவிர்த்துச் சாதாரண சணல்நூல் உடைகளை உடுத்துகிறார். முதலில் தன் சொந்தப் பாவத்துக்காக ஒரு காளையைப் பலியிடுகிறார். தூபகலசத்தில் நெருப்புத் தணலும், இரண்டு கைப்பிடி தூபவர்க்கமும் எடுத்துக்கொண்டு, மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரைக்குள் போகிறார். தான் சாகாதபடிக்கு, தூபத்தின் புகை கிருபாசனத்தை மூடிக்கொள்ள வேண்டும். கிருபாசனம் என்பது உடன்படிக்கைப் பெட்டியின் மூடி. காளையின் இரத்தத்தை விரலால் அதன்மேல் தெளித்து, அதற்கு முன்பாக ஏழு முறை தெளிக்கிறார். பிறகு இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களின்மேல் ஏற்கெனவே போட்ட சீட்டின்படி, ஒன்றை ஜனங்களின் பாவத்துக்காகப் பலியிட்டு அதன் இரத்தத்தையும் அதே மாதிரி உள்ளே கொண்டுபோகிறார். உயிரோடிருக்கும் மற்றக் கடாவின் தலைமேல் தன் இரண்டு கைகளையும் வைத்து, இஸ்ரவேலின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிட்டு, ஓர் ஆள் வசம் வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறார். அதுதான் போக்காடு.

(ஆசாரியர் உள்ளே செத்துப்போனால் இழுத்துவர அவர் காலில் கயிறு கட்டுவார்கள், மணிச் சத்தம் நின்றால் இழுப்பார்கள் என்று பிரசங்கங்களில் ஒரு கதை வரும். வேதாகமத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இடைக்காலத்தில் கிளம்பிய பேச்சு. அன்றைக்கு அவர் மணி வைத்த அங்கியே போடுவதில்லை என்பதை லேவியராகமம் 16:4 சொல்லிவிடுகிறது.)

இரண்டு கடாக்கள் எதற்கு? ஒன்று செத்து, சந்நிதிக்குள் போகும் வழியைத் திறக்கிறது. மற்றது பாவத்தைச் சுமந்துகொண்டு கண்ணுக்கு எட்டாத தூரம் போகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் ஜனங்களுக்கு இந்த இரண்டாவது காட்சி மிகவும் தேவை. மன்னிக்கப்பட்டேன் என்று காதால் கேட்பது ஒன்று, தன் பாவம் தூரமாய் நடந்து போவதைக் கண்ணால் பார்ப்பது வேறொன்று.

பலருக்குத் தப்பும் வசனம் லேவியராகமம் 17:11. மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பாவநிவிர்த்தி செய்யும்படி அதை நான் உங்களுக்குக் கொடுத்தேன் என்கிறார் தேவன். கோபமாக இருக்கும் தெய்வத்தைக் குளிரவைக்க மனிதர் கொண்டுபோகும் லஞ்சமாக இதைப் பார்த்தால் அடிப்படையே தவறிவிடும். வழியை ஏற்பாடு செய்கிறவர் தேவனே. ஏழைகளுக்காக அவர் அதில் இறங்கியும் வருகிறார்: ஆடு வாங்க முடியாதவருக்கு இரண்டு புறாக்குஞ்சுகள், அதற்கும் வகையில்லாதவருக்கு ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு போதும் (லேவியராகமம் 5:7, 11).

இதுவரை: பலி என்பது லஞ்சமில்லை. உயிர் கொடுக்கப்படுகிறது, பாவம் அகற்றப்படுகிறது, சந்நிதிக்கு வழி திறக்கிறது. ஏற்பாடு தேவனுடையது.

பஸ்கா ஆடு வேறு

பஸ்காவையும் பாவநிவாரண நாளையும் ஒன்றாகக் குழப்புகிறவர்கள் அதிகம். பஸ்கா எகிப்திலிருந்து விடுதலையான இரவின் ஆசரிப்பு (யாத்திராகமம் 12). ஒரு வயதான பழுதற்ற ஆண்குட்டியை முதல் மாதம் பத்தாம் தேதி பிரித்தெடுத்து, பதினாலாம் தேதி சாயங்காலம் அடிப்பார்கள். இரத்தத்தை ஈசோப்புக் கொழுந்துகளால் வாசலின் இரண்டு நிலைக்கால்களிலும் மேற்சட்டத்திலும் தெளிப்பார்கள். இறைச்சியை நெருப்பில் சுட்டு, புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்பான கீரையோடும் அந்த இரவிலேயே உண்பார்கள்.

பயத்தைப் பற்றிப் பேசும்போது, எகிப்தின் தலைப்பிள்ளைகள் செத்த அந்த இரவில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘இரத்தத்தைக் கண்டு, உங்களைக் கடந்துபோவேன்’ என்பதுதான் வாக்கு. வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு நடுக்கம் இருந்ததா, அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்களா என்ற கேள்வியே எழவில்லை. நிலைக்காலில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் அந்த வீடு தப்பியது.

சிலுவையில் என்ன மாறியது?

எருசலேமுக்கு வெளியே, பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்ட நாட்களில் (கி.பி. 26 முதல் 36 வரை), பஸ்காப் பண்டிகைச் சமயத்தில் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். மாற்குவின் கணக்கில் மூன்றாம் மணி, அதாவது காலை ஒன்பது மணி. ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணிவரை, பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை, அந்தகாரம். பெரிய வெள்ளியன்று நம் சபைகளில் ஏழு வார்த்தை தியானத்தைப் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்றுக்கு முடிப்பது இதை வைத்துத்தான். அவர் ஜீவனை விட்டபோது தேவாலயத்தின் திரை மேலிருந்து கீழ்வரைக்கும் இரண்டாகக் கிழிந்தது (மாற்கு 15:38). ஆண்டுக்கு ஒரு நாள், ஒரே ஒருவர், புகையோடும் இரத்தத்தோடும் நுழைந்த இடத்தை அடைத்திருந்த திரையைத்தான் மாற்கு இங்கே நினைவூட்டுகிறார்.

இதன் பொருளை மிக விரிவாகச் சொல்வது எபிரெயர் நிருபம். காளை, வெள்ளாட்டுக்கடா இவற்றின் இரத்தம் பாவங்களை நிவிர்த்தி செய்யமாட்டாது என்று அது பட்டவர்த்தனமாகச் சொல்கிறது (10:4). பலி தன் வேலையை முடித்திருந்தால் அதை நிறுத்தியிருப்பார்களே, ஏன் வருஷந்தோறும் செலுத்த வேண்டும் என்று கேட்கிறது (10:2). பிறகு ஒரு சின்ன விவரத்தைப் பிடிக்கிறது: ஆசாரியர்கள் நாள்தோறும் நின்று பலி செலுத்துகிறார்கள், கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார் (10:11-12). ஆசரிப்புக் கூடாரத்தின் தட்டுமுட்டுகளை யாத்திராகமத்தில் தேடினால் மேசை இருக்கும், குத்துவிளக்கு இருக்கும், தூபபீடம் இருக்கும், நாற்காலி இராது. வேலை ஓயாத இடத்தில் உட்கார எதற்கு?

பழைய பலிகளுக்கு ஓர் எல்லையும் இருந்தது. பெரும்பாலும் அவை அறியாமல் செய்த பாவத்துக்கானவை. துணிகரமாய்ச் செய்தவனுக்கு எண்ணாகமம் 15:30 வேறு தீர்ப்பு சொல்கிறது. நம்மை இரவில் தூங்கவிடாதவை தெரிந்தே செய்தவைதாம் அல்லவா? அதனால்தான், மோசேயின் நியாயப்பிரமாணத்தால் விடுதலை கிடைக்காத காரியங்களிலிருந்தும் இவர் விடுதலை தருகிறார் என்று பவுல் அந்தியோகியாவில் பிரசங்கித்தது (அப்போஸ்தலர் 13:39) பெரிய செய்தியாக இருந்தது.

அப்பா கோபக்காரர், மகன் நல்லவரா?

சிலுவையை விளக்கப் போய்ப் பலர் விழும் குழி இது. பிதா கோபமாக இருந்தார், இயேசு குறுக்கே பாய்ந்து அடியை வாங்கினார் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டால், அந்தக் குழந்தை வளர்ந்த பிறகும் இயேசுவிடம் பேசும், பிதாவைக் கண்டால் பயப்படும். எந்தப் பயத்தை நீக்கச் சிலுவையோ அதையே நாம் சிலுவையைக் காட்டி ஊட்டிவிடுகிறோம்.

‘ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளான், நானே அதைக் கொடுக்கிறேன்’ என்கிறார் இயேசு (யோவான் 10:18). உயிர் பறிக்கப்படவில்லை, அவரே கொடுத்தார். தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 5:19). மூன்றாம் ஆள் ஒருவரைப் பிடித்து வந்து தண்டித்த கதையாக இது இல்லை. கடன் கொடுத்தவரே நஷ்டத்தை ஏற்றது போல, நியாயம் தீர்க்கிறவரே தீர்ப்பைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். கிறிஸ்து தேவன் என்ற விசுவாசத்தை எடுத்துவிட்டால் சிலுவை ஓர் அநியாயமாகத்தான் தெரியும்.

இந்த ஏற்பாடு உள்ளே எப்படி இயங்குகிறது என்பதற்குச் சபை வரலாற்றில் பல விளக்கங்கள் உண்டு: மீட்கும்பொருள், தண்டனையை ஏற்ற பதிலாள், சாத்தானையும் மரணத்தையும் வென்ற போர். நிசேயா விசுவாசப்பிரமாணம் ‘நமக்காக’ சிலுவையில் அறையப்பட்டார் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. புதிதாகப் படிக்கிறவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவசரப்பட வேண்டாம். வேதாகமத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது.

எந்தப் பயம் போகிறது, எது போவதில்லை?

எபிரெயர் 2:14-15 நேரடியாகச் சொல்கிறது: மரணபயத்தினால் ஜீவகாலமெல்லாம் அடிமைத்தனத்துக்குள் இருந்தவர்களை விடுதலையாக்க, அவரும் மாம்சமும் இரத்தமும் உடையவரானார். இங்கே மரணம் என்றது உடம்பின் முடிவை மட்டுமில்லை. மரணத்துக்குப் பின் நியாயத்தீர்ப்பு உண்டு (9:27) என்பதால் அதற்கு ஒரு கொடுக்கு இருக்கிறது. அந்தக் கொடுக்கைத்தான் பலி பிடுங்குகிறது. கிறிஸ்துவுக்குள் இருப்பவருக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை (ரோமர் 8:1).

இதிலிருந்து இரண்டாவது விடுதலை வருகிறது. துன்பம் வரும்போது ‘தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார், பழைய பாவத்துக்குப் பழி வாங்குகிறார்’ என்று மனம் சொல்லும். சொந்தக் குமாரனையே ஒப்புக்கொடுத்தவர் மற்றவற்றை எப்படி மறுப்பார் என்பது ரோமர் 8:32-இன் வாதம். பெரியதைக் கொடுத்தவர் சிறியதில் கை இழுக்கமாட்டார். ஆனால் அதே பகுதியில் உபத்திரவம், பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம் என்று ஒரு பட்டியல் வருகிறது. இவை வராது என்று பவுல் சொல்லவில்லை. இவற்றில் எதுவும் நம்மைக் கிறிஸ்துவின் அன்பைவிட்டுப் பிரிக்காது என்கிறார்.

ஆபத்தைக் கண்டு உடம்பு எச்சரிக்கும் பயத்தைப் பலி நீக்குவதாக எங்கும் வாக்கு இல்லை. தமஸ்குவில் கொல்லத் தேடியபோது பவுல் கூடையில் உட்கார்ந்து மதில் வழியாக இறங்கித் தப்பினார். யூதர்கள் கொலைசெய்ய வகைதேடியதால் இயேசுவே யூதேயாவில் சஞ்சரிக்காமல் இருந்தார் (யோவான் 7:1). தேவபயம், அதாவது தேவனைத் தேவனாக மதிக்கும் பயபக்தி, போகவே கூடாது. அதை நீக்கிக்கொண்டவர்களைத்தான் நாம் தினமும் பார்க்கிறோமே.

சுருக்கமாக: தண்டிக்கப்படுவேன், கைவிடப்படுவேன் என்ற பயத்தின் வேரைப் பலி எடுக்கிறது. ஆபத்து பற்றிய பயம் இருக்கும், ஆனால் கடைசித் தீர்ப்பு அதன் கையில் இல்லை.

கெத்செமனேயில் நடுங்கியவர்

விசுவாசம் என்றால் பயத்தை உணராமை என்று வைத்துக்கொண்டால் கெத்செமனே நமக்குப் பெரிய சிக்கல். இயேசு அங்கே ‘திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்’ என்று மாற்கு 14:33 எழுதுகிறது. ஒரே ஜெபத்தை மூன்று தடவை சொன்னார். பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் வேண்டினார் என்கிறது எபிரெயர் 5:7. சாக்ரடீஸ் அமைதியாக விஷத்தை வாங்கிக் குடித்தாரே, இவர் ஏன் இப்படி என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இயேசுவுக்குப் பின் வந்த அவருடைய சீஷன் ஸ்தேவான்கூடக் கல்லெறியின் நடுவே அமைதியாகச் செத்தார்.

விடை அவர் பெயர் சொல்லிப் பேசிய பாத்திரத்தில் இருக்கிறது. ‘இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்’ என்றார். ஏசாயா 51:17-இலும் எரேமியா 25:15-இலும் அந்தப் பாத்திரம் தேவனுடைய நியாயத்தீர்ப்பின் பாத்திரம். ஸ்தேவான் முன்னால் இருந்தது வெறும் மரணம். இயேசு முன்னால் இருந்தது தீர்ப்போடு கூடிய மரணம். அதை அவர் குடித்து முடித்ததால், அவருடையவர்கள் சாகும்போது கையில் கொடுக்கப்படுவது அந்தப் பாத்திரம் இல்லை. இந்த ஒரு இடத்தில்தான் பலியும் பயமும் ஒன்றையொன்று தொடுகின்றன. மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிற விளக்கங்கள்.

ஆகவே விசுவாசம் என்பதை இப்படிச் சொல்லலாம்: பயம் இருக்கும்போதே, தேவன் செய்து முடித்ததன்மேல் பாரத்தை வைத்து அடுத்த காரியத்தைச் செய்வது. ‘நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்’ என்கிறது சங்கீதம் 56:3. பயம் நீங்கிய பிறகு என்று அது சொல்லவில்லை. வெளியே போராட்டங்களும் உள்ளே பயங்களும் இருந்தன என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார் (2 கொரிந்தியர் 7:5). கி.பி. 203-இல் கார்த்தேஜ் நகரில் இரத்தசாட்சியான பெர்பேத்துவா என்ற இளம் தாய், சிறைக்குள் போனதும் அப்படி ஓர் இருட்டைத் தான் கண்டதே இல்லை, மிகவும் பயந்துபோனேன் என்று எழுதிவைத்தார். கைக்குழந்தையைப் பற்றிய கவலை அவரை வாட்டியது. அதே பெண் கடைசிவரை மறுதலிக்கவில்லை. பயந்தேன் என்ற வரியை அழிக்கவும் இல்லை.

வசனம் தாயத்தா?

‘இயேசுவின் இரத்தம் ஜெயம்’ என்று சொல்வது தவறில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 12:11 ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினால் ஜெயித்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அங்கே ஜெயித்தவர்கள் மரணம் நேரிடுகிறதாயிருந்தும் தங்கள் ஜீவனைப் பார்க்காதவர்கள். உயிர் தப்பியதை அந்த வசனம் ஜெயம் என்று சொல்லவில்லை. உச்சரித்தால் வேலை செய்யும் சொல்லாக இயேசுவின் நாமத்தைப் பயன்படுத்தப் பார்த்த ஸ்கேவாவின் ஏழு குமாரர்கள் எபேசுவில் என்ன ஆனார்கள் என்பதை அப்போஸ்தலர் 19:13-16 சொல்கிறது. நிர்வாணமாய், காயப்பட்டு ஓடினார்கள்.

தொண்ணூற்றோராம் சங்கீதத்தை வாசற்படிக்கு மேல் ஒட்டிவைக்கும் வீடுகளில் ஒரு விஷயம் மறந்துபோகிறது: சுவிசேஷங்களில் அந்தச் சங்கீதத்தை மேற்கோள் காட்டுகிறவன் சாத்தான் (லூக்கா 4:10-11). ‘குதியும், தூதர்கள் தாங்குவார்கள்’ என்றான். தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று இயேசு மறுத்தார். சங்கீதம் பொய்யாகிவிடவில்லை. அதைக் காட்டி ஆபத்தை வலியப் போய் வாங்குவதுதான் தவறு.

1527-இல் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது மார்ட்டின் லூத்தர் ஊரைவிட்டுப் போகாமல் நோயாளிகளைக் கவனித்தார். அப்போது எழுதிய ஒரு கடிதத்தில் அவர் சொன்ன வரிசை இன்றைக்கும் உதவும்: தேவனுடைய பாதுகாப்பைக் கேட்பேன், வீட்டைப் புகைபோட்டுச் சுத்தம் செய்வேன், மருந்து கொடுப்பேன், நானும் சாப்பிடுவேன், நான் தேவைப்படாத இடத்துக்குப் போகமாட்டேன், அயலானுக்கு நான் தேவைப்பட்டால் தயங்காமல் போவேன். ஜெபமும் மருந்தும் விலகியிருத்தலும் துணிந்து போதலும் ஒரே பத்தியில் இருக்கின்றன.

ஜெபத்தில் இதை எப்படிச் செய்வது?

பதின்மூன்றாம் சங்கீதம் ஆறே வசனங்கள். பயத்தோடு ஜெபிக்க இதைவிடக் கச்சிதமான மாதிரி கிடையாது. முதல் இரண்டு வசனங்கள் முறையீடு. ‘எதுவரைக்கும்’ என்று நான்கு தடவை கேட்கிறது. அடுத்த இரண்டு விண்ணப்பம். செத்துப்போவேன் என்ற பயத்தையும் சத்துருவையும் பெயர் சொல்லியே கேட்கிறது. கடைசி இரண்டு நம்பிக்கை, துதி. வழக்கமாக நாம் செய்யும் தவறு முதல் நான்கு வசனங்களைத் தாண்டி ஐந்தாவதுக்குக் குதிப்பது. ‘ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்’ என்று தொடங்கி, பயத்தைச் சொல்லாமலே முடித்துவிடுகிறோம். சொல்லப்படாத பயம் ஜெபம் முடிந்ததும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

எனவே முதலில் பயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். ‘கவலையாக இருக்கிறது’ என்பது போதாது. ‘ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்’ என்று சொல்லுங்கள். அடுத்து அது எந்த வகை என்று பாருங்கள். செய்த பாவம் பற்றியதா? அறிக்கையிடுங்கள், 1 யோவான் 1:9-ஐ வாசியுங்கள். பிறருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது இருந்தால் கொடுங்கள். கைவிடப்பட்டேன் என்பதா? ரோமர் 8:31-39-ஐ நிதானமாக, சத்தமாக வாசியுங்கள். உண்மையான ஆபத்து பற்றியதா? செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்: டாக்டர், வக்கீல், போலீஸ், யாராயிருந்தாலும். கடைசியில் கெத்செமனேயின் வரி: என் சித்தம் இல்லை, உம்முடைய சித்தம். இதை முதலில் சொன்னால் அது சரணடைதலாக இராது, வாயை அடைப்பதாக ஆகிவிடும். இயேசுவும் முதலில் பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று கேட்டார்.

சில நாள் ஆறுதல் வராது. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது. அதுவும் வேதாகமத்தில் ஜெபமாகத்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது.

எங்கே கோளாறு ஆகிறது?

ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவது முதல் கோளாறு. இருபது வருஷத்துக்கு முன் செய்ததை ஒவ்வொரு உபவாச ஜெபத்திலும் கொண்டுவருவார்கள். எபிரெயர் 10:2-இன் கேள்வியை இங்கே கேட்க வேண்டும்: பலி போதுமானதாக இருந்தால், ஏன் இன்னும் செலுத்திக்கொண்டிருக்கிறீர்கள்? நினைவு வரும்போது புதிய அறிக்கை தேவையில்லை, ஒரு நன்றி போதும். இப்படி நினைவு வருவதை நிறுத்தவே முடியாமல், கை கழுவுவது போல ஜெபித்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய எண்ணச்சுழல் நோயாக (ஓ.சி.டி.) இருக்கலாம்.

அடுத்தது, திடீரென்று மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, சாகப்போகிறேன் என்று தோன்றும் பீதி. இது உடம்பும் மூளையும் சம்பந்தப்பட்டது, சிகிச்சை உண்டு. ‘விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு’ என்று சொல்லி மருந்தை நிறுத்த வைக்கிறவர்கள் பெரிய தீங்கு செய்கிறார்கள். சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினாலே நிலைமை மோசமாகும். குறைப்பதானாலும் டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். வீட்டில் ஒருவர் அடித்துத் துன்புறுத்தும்போது ‘பயப்படாதே, பொறுத்துக்கொள்’ என்று ஆலோசனை சொல்வதும் இதே வகைத் தீங்குதான்.

பந்திக்கு வரப் பயம்

கடைசியாக, நம் சபைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பயம். கர்த்தருடைய பந்தி நடக்கும் ஞாயிறு, அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து போகையில் சிலர் பெஞ்சிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். வருஷக்கணக்கில் வாங்காதவர்களும் உண்டு. காரணம் 1 கொரிந்தியர் 11:27-30: அபாத்திரமாய்ப் புசித்தால் ஆக்கினைத்தீர்ப்பு, அதனால் உங்களில் அநேகர் வியாதியாயிருக்கிறார்கள், சிலர் மரித்தும் போனார்கள் என்கிறது. பலியின் நினைவாக வைத்த பந்தியே பயத்துக்குக் காரணமாகிவிடுகிறது.

எச்சரிக்கை கடுமையானதுதான், அதை மழுப்பக் கூடாது. ஆனால் யாருக்கு என்று பார்க்க வேண்டும். பத்து வசனம் முன்னால் போனால் கொரிந்து சபையில் நடந்தது தெரியும். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்தார்கள். ஏழைகள் வந்து சேரும்போது ஒன்றும் மிச்சமில்லை. ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான், இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கேட்கிறார் (21-22). அவர் கண்டித்தது கூடப்பிறந்த விசுவாசியைப் பட்டினி போட்டுவிட்டுக் கிறிஸ்துவின் சரீரத்தை உண்கிறவர்களை. தன் பாவத்தை நினைத்து நடுங்குகிறவரைப் பற்றிய பேச்சே அங்கில்லை. இருபத்தெட்டாம் வசனத்தையும் பலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். தன்னைத்தானே சோதித்தறிந்து, பெஞ்சில் இரு என்று அது முடிவதில்லை. சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசி என்று முடிகிறது. அந்தச் சபையில் அத்தனை கோளாறு இருந்தும் பந்தியை நிறுத்துங்கள் என்று பவுல் எழுதவில்லை. முப்பத்துமூன்றாம் வசனத்தில் அவர் சொல்லும் பரிகாரம் இவ்வளவுதான்: கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.